வீட்டுக் கணினியில் வீடியோ எடிட்டிங்: ஓர் அடிப்படைப் பாடம்



நம்மில் பலர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய வி.எச்.எஸ். கேசட் இருக்கும். அப்பா அம்மா கல்யாணமாக இருக்கும், இல்லையென்றால் தோட்டத்துக் கோவில் திருவிழாவாக இருக்கும். எடுத்தவர் பக்கத்துப் பட்டணத்தில் கடை வைத்திருந்த ஒரு வீடியோக்காரர். இதயம் பறப்பதும் பூ விரிவதுமாக எஃபெக்ட் போட்டுத் தள்ளியிருப்பார். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கேசட்டுக்குத் தொடக்கம் இருக்கு, நடு இருக்கு, முடிவு இருக்கு. யார் வந்தார்கள், எந்த லயத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள் என்று உட்கார்ந்து பார்க்க முடியும்.

இப்போது நம் கணக்கைப் பாருங்க. ஒரு திருவிழாவில் 30 பேர் போனில் எடுக்கிறோம் என்று வச்சுக்குவோம். ஆளுக்கு 20 கிளிப் என்றாலும் 600 கிளிப். அன்று இரவே பத்து பதினைந்து வாட்ஸ்அப்பில் போகும். மற்றவை போனிலேயே கிடக்கும். அடுத்த வருஷம் போன் மாறும், இடம் போதாமல் அழிப்போம், அவ்வளவுதான். நம் பெற்றோரைவிட நாம் நூறு மடங்கு அதிகமாக எடுக்கிறோம். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற ஒரு கேசட் அளவுக்குக்கூட எதையும் விட்டுச் செல்வதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது எடிட்டிங்தான். அதற்கு ஸ்டூடியோ வேண்டாம், வீட்டுக் கணினியே போதும். நான் பண்டார் தெங்காராவைச் சேர்ந்தவன், மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், விடுமுறை நாட்களில் கிளைத் தம்பி தங்கைகளோடு உட்கார்ந்து இதைச் செய்து வருகிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளை வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1. எடிட்டிங் எப்படி வீட்டுக்கு வந்தது?

சினிமா படச்சுருளில் எடுக்கப்பட்ட காலத்தில் எடிட்டர் உண்மையிலேயே வெட்டி ஒட்டினார். 35 மி.மீ. சுருளில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அதை மூவியோலா போன்ற இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்ட வேண்டும்.

அடுத்து வந்தது கேசட். நம் கல்யாண வீடியோக்காரர் இரண்டு மெஷின் வைத்து, ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிவு செய்தார். இதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. எல்லாவற்றையும் வரிசையாகத்தான் பதிய முடியும். முடிந்த பிறகு நடுவில் 10 விநாடி சேர்க்க வேண்டுமென்றால், அந்த இடத்திலிருந்து கடைசிவரை மறுபடி பதிய வேண்டும். நகலுக்கு நகல் எடுக்க எடுக்கப் படமும் மங்கும்.

கணினி இந்த இரண்டு தொல்லையையும் தீர்த்தது. 1989-ல் அமெரிக்காவில் அவிட் நிறுவனத்தின் எடிட்டிங் கருவி வந்தது. இந்தியாவில் அவிட் கருவியை முதலில் பயன்படுத்திய படமாகப் பலரும் குறிப்பிடுவது 1994-ல் வந்த கமல்ஹாசனின் ‘மகாநதி’. அப்போது அதெல்லாம் பெரிய பணம் போட்டால்தான் கிடைக்கும். 1999-ல் ஆப்பிளின் ஐமூவியும், 2000-ல் விண்டோஸ் எம்.இ.யோடு மூவி மேக்கரும் வந்தபோதுதான் எடிட்டிங் வீட்டு மேசைக்கு வந்தது. நம் நாட்டில் 2005-ல் தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’, ஒரு ரப்பர் தோட்டக் குடும்பத்தின் கதையை டிஜிட்டல் வீடியோவில் குறைந்த செலவில் சொன்ன தமிழ்ப் படம். கருவி மலிவானால் தோட்டத்துக் கதையும் திரைக்கு வரும் என்பதற்கு அது ஒரு சான்று.

2. வீடியோ என்பது ஒரு எண் மூட்டை

வீடியோ என்று தனியாக ஒன்றும் இல்லை. அசையாத படங்கள் வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, கண் அதை அசைவாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். சினிமாவுக்கு விநாடிக்கு 24. மலேசியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறைக்கு 25. நம் போன்கள் பெரும்பாலும் 30.

ஒரு ஃபிரேமுக்குள் புள்ளிகள் இருக்கின்றன. ஃபுல் எச்.டி. என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். அப்படின்னா ஒரு ஃபிரேமுக்கு சுமார் 6.2 எம்.பி. விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 187 எம்.பி. ஒரு நிமிடத்துக்கு 11 ஜி.பி.க்கு மேல்!

ஆனால் உங்கள் போனில் ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 எம்.பி. வரைதான் இருக்கும். மீதி எங்கே போச்சு? அதுதான் சுருக்கம். சுருக்கி விரிக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர். இன்று அதிகம் புழங்குவது 2003-ல் வந்த எச்.264-ம், 2013-ல் வந்த எச்.265-ம்.

இது எப்படி வேலை செய்கிறது? மளிகைக்கடை இருப்புக் கணக்கை நினைச்சுக்கங்க. திங்கட்கிழமை முழுச் சரக்கையும் எண்ணி எழுதுவார்கள். செவ்வாய், புதன், வியாழன் எது போனது, எது வந்தது என்று மட்டும் குறிப்பார்கள். கோடெக்கும் அப்படித்தான். எப்போதாவது ஒரு முழுப் படம், அதற்குப் பிறகு மாறியது மட்டும். மூலஸ்தானத்தில் தீபாராதனை காட்டும்போது சுவர் மாறுவதில்லை, தீபம்தான் அசைகிறது. சுவரை விநாடிக்கு 30 தடவை எழுதுவானேன்?

இதில்தான் எடிட்டிங்கின் சிக்கல் இருக்கிறது. வியாழக்கிழமை இருப்பு எவ்வளவு என்று கேட்டால், திங்களிலிருந்து கூட்டிக் கழித்துத்தான் சொல்ல முடியும். அதுபோல நீங்கள் டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டால், கணினி முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். பார்க்கும்போது தடையில்லாமல் ஓடும் வீடியோ, எடிட் செய்யும்போது திக்குவது இதனால்தான். தீர்வு பின்னால் வருகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘எம்பி4’ என்பது கோடெக் இல்லை, பாத்திரம். டிபன் கேரியர் மாதிரி. ஒரு தட்டில் படம், ஒரு தட்டில் ஒலி, இன்னொரு தட்டில் வசன வரி. உள்ளே இருப்பது எப்படிச் சமைக்கப்பட்டது என்பதுதான் கோடெக். ‘இதுவும் எம்பி4, அதுவும் எம்பி4, ஏன் இது மட்டும் திறக்கவில்லை?’ என்று ஒரு தங்கை கேட்டாள். கேரியர் ஒன்றுதான், உள்ளே இருந்த சமையல் வேறு.

3. என்ன கணினி, என்ன மென்பொருள்?

8 ஜி.பி. ரேம் இருந்தால் ஃபுல் எச்.டி. வேலையைத் தொடங்கலாம். 16 இருந்தால் நிம்மதி. வன்தட்டு எஸ்.எஸ்.டி.யாக இருப்பது பெரிய வித்தியாசம். புதுக் கணினி வாங்கக் கேட்டு வீட்டில் சண்டை போட வேண்டாம். இருப்பதை வைத்தே தொடங்கலாம். என் மடிக்கணினியும் 8 ஜி.பி.தான்.

மென்பொருளுக்கும் பணம் வேண்டாம். ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் மூன்றும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். விண்டோஸ் 11-ல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. திருட்டு மென்பொருளை நண்பனிடமிருந்து வாங்கி வைரஸையும் சேர்த்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. நான் இங்கே ஷாட்கட்டை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் பெயர்தான் மாறும், கருத்து ஒன்றுதான்.

எதைப் பயன்படுத்தினாலும் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் டைம்லைனில் வெட்டும்போது மூலக் கிளிப் வெட்டப்படுவதில்லை. ‘மூன்றாம் கிளிப்பில் 12-வது விநாடியிலிருந்து 17 வரை காட்டு’ என்ற குறிப்பு மட்டும்தான் எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பேட்டுக்குத்தான் புராஜெக்ட் கோப்பு என்று பெயர். அதில் படமே இல்லை, அதனால் மிகச் சிறியது. அதை மட்டும் பென்டிரைவில் நண்பனுக்குக் கொடுத்தால் ஒன்றும் வராது. கிளிப்புகளின் பெயரையோ இடத்தையோ நடுவில் மாற்றினாலும் குறிப்பேடு வழி தெரியாமல் நிற்கும்.

4. வேலையின் வரிசை

இனி செய்முறை. ஒரு நாள் திருவிழாவை 10 நிமிடப் படமாக்குவதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

*முதல் படி: சேகரித்தல்.* கிளிப்புகளை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வாங்காதீங்க. அது மறுபடி சுருக்கி அனுப்பும், போன தரம் திரும்பி வராது. கேபிள் போட்டு நேரடியாக எடுங்கள். முடியாவிட்டால் வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது கோப்பு அப்படியே வரும். ஒரே கோப்புறையில் மூன்று உள் கோப்புறைகள் வையுங்கள்: ‘மூலம்’, ‘புராஜெக்ட்’, ‘முடிந்தது’. ‘மூலம்’ உள்ளே போன் வாரியாகப் பிரியுங்கள். அதற்குப் பிறகு அதில் கை வைக்கக் கூடாது.

*இரண்டாம் படி: பார்த்தல்.* எல்லாவற்றையும் ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எந்தக் கிளிப், எத்தனையாவது விநாடி, என்ன இருக்கு. இதுதான் யாருக்கும் பிடிக்காத படி. ஆனால் 600 கிளிப்பில் உங்களுக்கு வேண்டியது நூறோ நூற்றிருபதோதான். பத்து நிமிடம் என்றால் 600 விநாடி, ஒரு ஷாட் சராசரி 5 விநாடி என்றால் 120 ஷாட். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் எதை விடுவது என்று தைரியம் வரும்.

பார்க்கும்போது காவடியையும் ரதத்தையும் மட்டும் தேடாதீர்கள். விடிவதற்கு முன் காய் நறுக்கும் அம்மாக்கள், கூடாரக் கம்பி தூக்கும் பையன்கள், செருப்புக் குவியல், பால்குடத்துக்கு மஞ்சள் துணி கட்டும் பாட்டியின் கை, இதையெல்லாம் குறித்து வையுங்கள். ரதம் அடுத்த ஆண்டும் வரும். அந்தக் கை அடுத்த ஆண்டு இருக்குமா என்று நமக்குத் தெரியாது.

*மூன்றாம் படி: புராஜெக்ட் அமைப்பு.* அளவு 1920 × 1080. ஃபிரேம் வேகம், பெரும்பாலான கிளிப் எதுவோ அதுவே. எல்லாரும் போனில் 30-ல் எடுத்திருந்தால் 30. கலந்து இருந்தால் குறைவாக உள்ளவை அதிகமாக உள்ளவற்றுக்கு வளைந்து கொடுக்கட்டும்.

போன் வெளிச்சம் குறைந்தால் தானாகவே ஃபிரேம் வேகத்தைக் குறைக்கும். இரவு ஊர்வலக் கிளிப்பில் வாய் அசைவும் பாட்டும் போகப் போக விலகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஷாட்கட் இத்தகைய கிளிப்பைத் திறக்கும்போதே எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றவா என்று கேட்கும். மாற்றிக்கொள்ளுங்கள், வேகம் சீராகும்.

கணினி திக்கினால் ‘பிராக்ஸி’ வசதியைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு சிறிய, எளிதில் ஓடும் நகலை அது செய்துகொள்ளும். நீங்கள் நகலில் வேலை செய்வீர்கள். கடைசியில் படம் மூலத்திலிருந்தே வெளிவரும். பழைய கணினிக்கு இது வரப்பிரசாதம்.

*நான்காம் படி: முதல் அடுக்கு.* தேர்ந்தெடுத்தவற்றை வரிசையாக டைம்லைனில் போடுங்கள். ஷாட்கட்டில் வேண்டிய இடத்தில் நின்று ‘எஸ்’ விசையை அழுத்தினால் கிளிப் இரண்டாகப் பிரியும். வேண்டாத துண்டைத் தேர்ந்து ‘எக்ஸ்’ அழுத்தினால் அது நீங்கி, பின்னால் உள்ளவை முன்னால் வந்து சேரும். இந்த இரண்டு விசையை வைத்தே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

எப்படி அடுக்குவது? முதலில் தூரக்காட்சி: இது எந்த இடம், எவ்வளவு கூட்டம். பிறகு நடுக்காட்சி: யார், என்ன செய்கிறார். பிறகு நெருக்கம்: கை, முகம், விபூதி. ஒரே ஆளை ஒரே தூரத்தில் எடுத்த இரண்டு ஷாட்டை அடுத்தடுத்துப் போட்டால் படம் துள்ளும். நடுவே வேறொரு நெருக்கக் காட்சியைச் செருகினால் துள்ளல் மறையும்.

ஊர்வலத்துக்கு ஒரு தனி விதி. ரதம் திரையில் இடமிருந்து வலமாகப் போவதாகக் காட்டினால் அதையே தொடருங்கள். சாலையின் எதிர்ப்பக்கம் நின்றவரின் போனில் அதே ரதம் வலமிருந்து இடமாகப் போகும். இரண்டையும் ஒட்டினால் சாமி பாதி வழியில் திரும்பி வருவது போல இருக்கும்! எதிர்ப்பக்க ஷாட் வேண்டுமென்றால், நடுவில் ரதம் நேராக நம்மை நோக்கி வரும் ஷாட் ஒன்றைப் போட்டுவிட்டு மாறலாம்.

வெட்டு என்பது வெறும் வெட்டாகவே இருக்கட்டும். பக்கம் புரள்வது, நட்சத்திரம் சிதறுவது எல்லாம் வேண்டாம். நேரம் கடந்தது என்று காட்ட, காலையிலிருந்து மாலைக்குப் போகும்போது, ஒரு படம் மறைய அடுத்தது தோன்றுவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

*ஐந்தாம் படி: ஒலி.* புதியவர்கள் படத்தில் எட்டு மணி நேரமும் ஒலியில் எட்டு நிமிடமும் செலவழிப்பார்கள். பார்ப்பவர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், காது வலித்தால் எழுந்து போய்விடுவார்கள்.

ஒவ்வொரு வெட்டிலும் ஒலியும் வெட்டுப்பட்டால் மேளம் விக்கல் எடுத்தது போல இருக்கும். அதனால் நாதஸ்வரம் தவிலோ உறுமி மேளமோ நீளமாகப் பதிவான ஒரே கிளிப்பைத் தேர்ந்து, அதன் ஒலியைத் தனி ட்ராக்கில் முழுதாகப் போடுங்கள். அதன்மேல் படங்களை மாற்றுங்கள். படம் பத்து முறை மாறினாலும் மேளம் ஒன்றாக ஓடும்.

இரண்டு போன் ஒரே நேரத்தில் எடுத்ததைச் சேர்க்க, ஒலி அலை வரைபடத்தில் பெரிய அடி ஒன்றைத் தேடி இரண்டையும் நேராக வையுங்கள். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேளத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்ற போனுக்குச் சத்தம் பத்தில் ஒரு விநாடி தாமதமாகத்தான் கிடைத்திருக்கும், அதாவது 3 ஃபிரேம். அதையும் சரிசெய்தால்தான் குச்சி படும் நேரமும் சத்தமும் ஒன்றாகும்.

அளவு: டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல் கூரை. அதைத் தாண்டியது தட்டையாக வெட்டுப்படும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது. பேச்சின் உச்சம் −12-லிருந்து −6-க்குள் நிற்கட்டும். மேளத்துக்கு மிக அருகில் போனை நீட்டினால் பதிவிலேயே ஒலி உடைந்துவிடும், எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட ஆசை வரும். நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 1987 இருக்கிறது, யூடியூபிலும் பாட்டைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதைவிட, கிளையில் திருமுறை ஓதும் பிள்ளைகளின் குரல் இருக்கும்போது வேறு குரல் எதற்கு? அவர்கள் குரலைப் பதிந்து போடுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளே தேடி வந்து கேட்பார்கள்.

*ஆறாம் படி: எழுத்து.* தலைப்பில் ஊர், ஆண்டு, நிகழ்ச்சியின் பெயர் மூன்றும் கட்டாயம். ‘திருவிழா’ என்று மட்டும் போட்டால் முப்பது வருஷம் கழித்து எந்தத் திருவிழா என்று யாருக்குத் தெரியும்? யூனிகோட் தமிழ் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். ‘கோவில்’, ‘பொங்கல்’ என்று தட்டிப் பார்த்து, சரியாக வருகிறதா என்று முதலிலேயே சோதியுங்கள்.

*ஏழாம் படி: வெளியீடு.* எம்பி4 பாத்திரம், எச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி. இந்தக் கூட்டு ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். பிட் வீதம் விநாடிக்கு 10 மெகாபிட் வையுங்கள். 600 விநாடிக்கு 6,000 மெகாபிட். 8-ஆல் வகுத்தால் 750 எம்.பி. இதுதான் உங்கள் 10 நிமிடப் படத்தின் அளவு. வாட்ஸ்அப்புக்குத் தனியாகச் சிறியது ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெரியதுதான் ‘முடிந்தது’ கோப்புறையில் இருக்க வேண்டும்.

5. படம் பிடிக்கும் முன் மூன்று வார்த்தை

எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாத மூன்று விஷயங்கள் உண்டு. அவற்றைப் படம் பிடிக்கும்போதே பார்த்துக்கொள்ளணும்.

ஒன்று, போனைப் படுக்கையாகப் பிடிப்பது. மண்டபத்தில் புரொஜெக்டரில் போடும்போது நெட்டுக்குத்து வீடியோ நடுவில் ஒரு பட்டையாகத்தான் தெரியும்.

இரண்டு, ஒவ்வொரு ஷாட்டையும் குறைந்தது 10 விநாடி அசையாமல் எடுப்பது. 3 விநாடியில் சுழன்று போகும் கிளிப்பை எந்த எடிட்டராலும் காப்பாற்ற முடியாது.

மூன்று, விளக்கு மினுக்கல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அதனால் குழல்விளக்கும் பல எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமராவின் ஷட்டர் இதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். அமைப்பில் ‘50 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஷட்டரைக் கையால் மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100 வையுங்கள்.

6. அலமாரிக் கேசட்டை மறக்க வேண்டாம்

அந்த வி.எச்.எஸ். கேசட்டுகளுக்கு இனி அதிக நாள் இல்லை. நாடாவின் காந்தப் பதிவு ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. நம் ஈரக் காற்றில் பூஞ்சணமும் பிடிக்கிறது. வி.எச்.எஸ். மெஷினைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது ஓடும் மெஷின்கள் எல்லாம் பழையவை.

ஓடும் மெஷின் ஒன்று கிடைத்தால், யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கணினியில் பதியலாம். பால் முறைக்கு 720 × 576, விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். அசைவில் சீப்புப் பல் போல கோடு தெரிந்தால் பயப்படாதீங்க. பழைய தொலைக்காட்சி முறை ஒரு ஃபிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகக் காட்டியதன் அடையாளம் அது. ‘டீஇன்டர்லேஸ்’ என்ற வசதி அதைச் சரிசெய்யும். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் மட்டும் மெஷினில் போடாதீங்க, மெஷினும் கெடும், நாடாவும் அறுந்துபோகும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், லயத்தை விட்டு தாமானுக்குக் குடிவந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பழைய தோட்டம் அசைவோடு இருக்கும் ஒரே இடம் அந்த நாடாதான். வீடு இடிந்து செம்பனை நட்டாச்சு. கோவில் இடம் மாறியாச்சு. கேசட்டில் மட்டும் தாத்தா இன்னும் பந்தக்கால் நட்டுக்கொண்டிருக்கிறார்.

பதிந்ததையும் புதிதாகச் செய்ததையும் காப்பாற்ற ஒரு விதி: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். உதாரணமாக, உங்கள் கணினியில் ஒன்று, கிளையின் வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. வன்தட்டை ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, பிரதி இல்லை.

7. கத்தரி பிடிப்பவரின் பொறுப்பு

எடிட்டிங் தெரிந்தவுடன் கையில் ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. ஒருவர் பேசிய ஐந்து நிமிடத்தில் பத்து விநாடியை மட்டும் எடுத்தால் அவர் சொல்லாததைச் சொன்னதாக்க முடியும். ஒருவர் சிரித்ததை வேறொருவர் விழுந்ததற்குப் பக்கத்தில் ஒட்டினால் அவர் கேலி செய்ததாக ஆகிவிடும். இரண்டுமே உண்மையான காட்சிதான், ஒட்டியதுதான் பொய்.

அருள் வந்து ஆடுகிறவர்களையும், அழுகிறவர்களையும், மொட்டை போட்டு அலறும் குழந்தைகளையும் இணையத்தில் போடும் முன் அவர்களிடமோ அவர்கள் வீட்டாரிடமோ கேளுங்கள். கோவிலில் நின்ற நேரம் அவர்களுக்கும் சாமிக்கும் இடையில் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். ‘எக்ஸ்’ விசையை ஒரு தடவை தட்டினால் போதும்.

இன்னொன்று. பத்து நிமிடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கடைசியில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். தலைவர் ஆறு முறையும் சமையற்கட்டு ஒருமுறைகூட இல்லாமலும் இருந்தால், மறுபடி நோட்டுப் புத்தகத்தைத் திறக்கணும்.

பயிற்சி

அடுத்த இதழ் வருவதற்குள் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் ஒருவர் ஒரு வேலை செய்வதை எடுங்கள். அம்மா தோசை சுடுவது, தாத்தா பூந்தொட்டிக்கு மண் மாற்றுவது, எதுவானாலும் சரி. விதிகள் ஐந்து:

1. மொத்தம் 60 விநாடி, 12 ஷாட்.
2. தூரம், நடு, நெருக்கம் மூன்றும் இருக்க வேண்டும்.
3. வெட்டு மட்டும். எஃபெக்ட் கூடாது.
4. பின்னணி இசை கூடாது. அந்த இடத்தின் சத்தம் ஒரே ட்ராக்கில் தடையில்லாமல் ஓட வேண்டும்.
5. தலைப்பில் பெயர், ஊர், ஆண்டு.

முடித்தபின் அவரையே உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் ‘இதை ஏன் விட்டுட்டே?’ என்று கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை எடிட் செய்ய அந்தக் குறிப்பே உங்களுக்கு வழிகாட்டும்.